சுயம்புலிங்கத்தின் ஐந்தாவது பாட்டு

சுயம்புலிங்கம் என்றைக்கோ பாடிப் பதிந்த கேசட், பரணில் கிடந்தபடியே தானாகப் பாடிப் பழகித் தேறிவிட்டது என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தேரிவிளைக்குத் தெரியவந்தது. பத்தரை மணிக்கெல்லாம் ஊர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. பதினோரு மணிக்கு மூன்றாவது பாட்டில் தாளம் கொஞ்சம் ஓடுகிறது என்று குறை சொல்லத் தொடங்கியிருந்தது.

சுயம்புலிங்கத்துக்கு அப்போது அறுபத்தோரு வயது. வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்த்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் மனைவி வடிவு சொல்லும் வேலைகள் என்று இருந்தார். இந்த மனிதருக்கு இருபத்தெட்டு வயதில் சுருட்டை முடியும் கன்னத்தில் கைவைத்து யோசிக்கும் பழக்கமும் இருந்தன என்பதையோ, அந்தக் கோலத்தில் எடுத்த படத்தை அட்டையில் போட்டு ‘தேரிமணல் தென்றல்’ என்று எட்டுப் பாட்டுக் கேசட் ஒன்றை வெளியிட்டார் என்பதையோ ஊரில் பாதிப்பேர் மறந்திருந்தார்கள். வடிவுக்கு அது தெரியவே தெரியாது. கேசட் வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவள் சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஊரில் சிலர் தன் புருசனைக் ‘கொக்கரக்கோ’ என்று கூப்பிடுவது மட்டும் அவள் காதில் விழுந்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, எங்க வீட்டுல முன்னாடி கோழி வளத்தோம்லா என்று அவர் சொன்ன பதிலை முப்பத்தொரு வருடமாக நம்பியிருந்தாள்.

நடந்தது வேறு. எண்பத்தொன்பதில், சுயம்புலிங்கமும், தபலா செய்யது மீரானும், நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த லில்லிபுஷ்பமும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி, ஒரு மிட்டாய்க்கடை மாடியில் இருந்த ஒலிப்பதிவு அறையில் ஒரே நாளில் எட்டுப் பாட்டையும் பாடி முடித்தார்கள். ஐந்தாவது பாட்டு, ‘பனைமேலே ஏறி வா நிலவே’. அதில் ‘வா’ என்ற எழுத்தை சுயம்புலிங்கம் கீழே பிடித்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுபோய், உச்சியில் நிறுத்த வேண்டும். கொண்டுபோனார். உச்சியில் தொண்டை உடைந்து, அப்போதுதான் கூவப் பழகும் சேவல் கூவியதுபோல ஒரு சத்தம் வந்தது. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய ஒலிப்பதிவாளர், “விடுங்க, யாருக்குத் தெரியப்போவுது” என்றார். பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த வெளியீட்டு விழாவில் எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகள் திருப்பிக் கூவினார்கள். மீட்டர் பார்க்க வரும் ஆளின் மனம் கோணக்கூடாதே என்று வீட்டுக்கு ஒரு கேசட் வாங்கி, ஒரு தடவை கேட்டு, அந்த இடத்தில் சிரித்து, பீரோவிலும் பரணிலும் அரிசிப்பானைக்குப் பின்னாலும் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு சுயம்புலிங்கம் பாடவில்லை. கோயிலில் எல்லோரும் சேர்ந்து பாடும்போதும் வாயை மட்டும் அசைத்தார்.

முப்பத்துமூன்று வருடம் கழித்து, வெள்ளையடிக்க ஆள் வருகிறதென்று வடிவு பரணை ஒழித்தபோது, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று கீழே வந்தது. உள்ளே விற்காத நாற்பத்துமூன்று கேசட்.

“ஏங்க, இது யாரு?”

“எங்க சித்தப்பா மவன்.”

“உங்க பேருல்லா போட்டிருக்கு.”

“அவனுக்கும் அதே பேருதான்.”

வடிவு ஒரு கேசட்டை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு நேராக செய்யது மீரானின் கடைக்குப் போனாள். தபலாவை விட்டுவிட்டு மிக்சி, கிரைண்டர், அயர்ன்பாக்ஸ் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மீரானிடம், யாரோ கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத டேப்ரிக்கார்டர் ஒன்று இருந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு சுயம்புலிங்கம் பின்னாலேயே ஓடிவந்து சேர்வதற்குள் முதல் பாட்டு முடிந்து இரண்டாவது போய்க்கொண்டிருந்தது. மீரான் ஒரு மிக்சி ஜாரைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“வே சுயம்பு,” என்றார் மெதுவாக. “இந்த எடத்துல நான் ஒரு அடி தப்பா அடிச்சிருந்தேன். எனக்குல்லா தெரியும், எத்தன ராத்திரி அதுக்காகப் பொரண்டு படுத்திருக்கேன். இப்ப சரியா இருக்கு வே.”

ஐந்தாவது பாட்டு வந்தது. ‘வா’ கீழே தொடங்கியது. சுயம்புலிங்கம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, அது போதாதென்று கண்ணையும் மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது வடிவு வாயில் கைவைத்து நின்றாள், கிரைண்டர் வாங்க வந்தவர் கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். குரல் பனை உச்சிக்குப் போய், அங்கேயே உட்கார்ந்து, ஊரை நாலாபக்கமும் நிதானமாகப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் இறங்கி வந்திருந்தது.

கடைமுன் கூடிய கூட்டத்தில் இதற்கு விளக்கம் கேட்டவர் யாருமில்லை. மருந்துக்கடை ஆபிரகாம் மட்டும், “முப்பத்திமூணு வருசம் ஒரு பொட்டிக்குள்ள அடைச்சுப் போட்டா மனுசன் வேற என்னத்தச் செய்வான், பாடித்தான் பழகுவான்” என்றார். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. உடனே அவரவர் தங்கள் வீட்டுக் கேசட்டைத் தேடப் போனார்கள்.

அப்போதுதான் தெரிந்தது, ஒவ்வொரு வீட்டிலும் கேசட் ஒவ்வொரு விதமாக வளர்ந்திருந்தது. தமிழாசிரியர் சிவனணைந்தான் வீட்டுக் கேசட்டில் ழகரம் அத்தனை சுத்தமாக உருண்டது, ஆனால் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் சுயம்புலிங்கத்தின் குரல் அருஞ்சொற்பொருள் சொன்னது. நாப்தலின் உருண்டைகளோடு பட்டுப்புடவைக்குள் கிடந்த கேசட்டில் மூன்று பேரும் சரணத்துக்குச் சரணம் தும்மினார்கள். சலூனில் கிடந்தது பாட்டுக்கு நடுவே அரசியல் பேசி, கூட்டணி எதுவும் உருப்படாது என்று முடித்துவிட்டு அடுத்த பல்லவியை எடுத்தது. ஓயாமல் சண்டைபோடும் தபால்காரர் தம்பதி வீட்டில் காதல் டூயட் முழுக்க ‘நீ சொன்னே, நான் எப்ப சொன்னேன்’ என்றே போனது, ராகம் மட்டும் பிசகவில்லை. தீப்பெட்டி லாரி ஓட்டிய துரைப்பாண்டியின் டாஷ்போர்டில் கிடந்தது வளைவு வரும்போதெல்லாம் ஹாரன் அடிக்கக் கற்றிருந்தது. எல்லாவற்றிலும் அந்த ‘வா’ மட்டும் உடையாமல் உச்சிக்குப் போய் வந்தது.

ஊர் இதற்கேற்ப ஒழுங்குகளை ஏற்படுத்திக்கொண்டது. காலையில் ஆசிரியர் வீட்டுக் கேசட், பிள்ளைகள் படிப்புக்கு. கல்யாண வீட்டுக்குச் சுயம்புலிங்கத்தின் சொந்தப் பரண் கேசட். தபால்காரர் வீட்டு டூயட்டைப் புதுமணத் தம்பதிகள் இருக்கும் இடத்தில் போடக்கூடாது. ஒரு கேசட்டைத் தங்கள் வீட்டில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளப் பெயர் எழுதிக் காத்திருந்தார்கள். பரணில் போட்டால் எதுவும் தேறும் என்று நம்பிக் குணமாகாத பிரஷர் குக்கரையும், ஓடாத கடிகாரத்தையும் மேலே ஏற்றினார்கள். ஒருவர் மகனின் மார்க் ஷீட்டைப் பத்திரமாகத் துணியில் சுற்றிப் பரணில் வைத்து, வாரம் ஒருமுறை ஏறிப் பார்த்து, கணக்கில் ஒரு மார்க் கூடியிருப்பதாகச் சத்தியம் செய்தார்.

சுயம்புலிங்கத்தை இப்போது யாரும் கொக்கரக்கோ என்று சொல்லவில்லை. ஆனால் தெருவில் எதிர்ப்பட்டவர்கள் அவரைப் பார்த்த பார்வையில், பெரிய அதிகாரியின் வீட்டுக் கதவைத் திறந்துவிடும் ஆளைப் பார்ப்பது போன்ற ஒரு பாவனை இருந்தது. “அண்ணாச்சி, அவரு அந்த எடத்துல எப்படி அண்ணாச்சி மூச்சு விடுதாரு?” என்று கேட்டார்கள். ‘அவரு.’

வீட்டில் அதைவிட மோசம். வடிவு மீரானிடம் டேப்ரிக்கார்டரை வாங்கி வந்து அடுப்படி ஜன்னலில் வைத்துக்கொண்டாள். மதியம் சாப்பாட்டு வேலை முடிந்ததும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, கேசட்டைப் போட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

“எவ்வளவு பணிவா பாடுதாரு பாருங்க,” என்றாள் ஒருநாள்.

“நான்தான அது.”

“நீங்கதான்,” என்று வடிவு ஒத்துக்கொண்டாள், ஆனால் வேறு யாரையோ விட்டுக்கொடுக்காத குரலில். “தொட்டுக்க என்னன்னு கேக்காம ஒரு நாளாவது நீங்க சாப்பிட்டிருக்கீங்களா? அந்தக் குரலக் கேட்டா அப்படிக் கேக்கிற ஆளாத் தெரியல.”

சுயம்புலிங்கம் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து நடந்து, ஊருக்குத் தெற்கே செம்மண் மேட்டுக்குப் போய், ஆடு மேய்ப்பவர்கூட இல்லாத இடமாகப் பார்த்து நின்று, முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்து ‘வா’ என்றார். துருப்பிடித்த கேட்டைத் திறந்ததுபோல இருந்தது. பனை உச்சியென்ன, முதல் மட்டைக்குக்கூடப் போகவில்லை. தினமும் மதியம் போனார். பத்து நாளில் பாதி மரம் ஏறினார். அங்கே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகச் சறுக்கினார்.

இந்த நிலையில்தான் அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டித் தலைவர் பட்டுராஜன் வந்தார். வெற்றிலைத்தட்டை வைத்துவிட்டு, கொடையன்று மாலை நாலு மணிக்கு மேடையில் ‘தேரிமணல் தென்றல்’ எட்டுப் பாட்டும் போட முடிவாகியிருக்கிறது என்றார்.

“நான் பாடணுமா?” என்று கேட்டார் சுயம்புலிங்கம்.

“சேச்சே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்,” என்றார் பட்டுராஜன் அன்போடு. “கேசட்ட மேசையில வச்சு மால போட்டுப் பாட விடுதோம். பக்கத்துல ஒரு நாற்காலி போடுதோம், நீங்க சும்மா உக்காந்தாப் போதும். கன்னத்துல கை வச்சீங்கன்னா நல்லாருக்கும்.”

மறுநாள் காலை சுயம்புலிங்கம் கேசட் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு மீரான் கடைக்கு வந்தார். கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய பெரிய காந்தம் அங்கே கிடப்பது அவருக்குத் தெரியும்.

“காந்தத்த எடும். இத எல்லாத்தையும் அழிச்சிரப்போறேன். பொறவு ஊருல உள்ளதையும் வாங்கி அழிச்சிருவேன்.”

மீரான் காந்தத்தை எடுத்துத் தன் மடிக்குள் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். “உம்ம பாட்ட மட்டும் அழிக்க முடியும்னா அழிச்சிக்கிடும். அதுல என் தபலாவும் இருக்கு வே. வாழ்க்கையில மொத தடவயா நான் சரியா வாசிச்சிருக்கேன்.”

“அது நீரு வாசிச்சதா வே? நெஞ்சத் தொட்டுச் சொல்லும்.”

இரண்டு பேரும் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளிருக்கும் இரண்டு பேர் தங்களைவிட எத்தனையோ மேலே போய்விட்டார்கள் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்து, ஒரே நேரத்தில் வலித்தது.

அப்போது வாசலில் ஆட்டோ நின்று, குட்டை முடியும் பெரிய கைப்பையுமாக ஓர் அம்மாள் இறங்கினாள். “சுயம்பண்ணே! முடியெல்லாம் எங்க போச்சு?” என்று தெருவே கேட்கச் சிரித்தாள். லில்லிபுஷ்பம். மஸ்கட்டில் ஆஸ்பத்திரி நர்சாக இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து, நாகர்கோவிலில் வந்து ஓய்ந்திருந்தவள், செய்தி எட்டியதும் முதல் பஸ்ஸில் கிளம்பி வந்திருந்தாள்.

கேசட் தேறிய கதையை மீரான் சொன்னார். பழுதுபார்க்க வந்திருந்த இன்னொரு டேப்ரிக்கார்டரில் பரண் கேசட்டைப் போட்டுக் காட்டினார். தன் குரலையும் லில்லிபுஷ்பம் கேட்டாள். “நல்லாத்தான் இருக்கு,” என்றாள், பக்கத்து வீட்டுக்காரியின் புதுப்புடவையைப் பற்றிச் சொல்வதுபோல. “ஆனா என்கிட்ட இருக்கது இப்படி இல்லையே.” கைப்பையிலிருந்து தன் கேசட்டை எடுத்தாள். அட்டை நைந்து, சுருட்டை முடிக்காரரின் முகம் அழிந்து, கன்னத்தில் வைத்த கை மட்டும் மிச்சமிருந்தது.

ஐந்தாவது பாட்டு ஓடியது. ‘வா’ கீழே பிடித்தது, மெல்ல ஏறியது, உச்சிக்குப் போனது, சேவல் கூவியது.

சுயம்புலிங்கம் காதைப் பொத்த மறந்திருந்தார்.

“இது ஏன் தேறல?” என்றார் மீரான், மோட்டாரைப் பார்க்கும் முகத்தோடு. “எத்தன தடவ போட்டிருப்பே?”

“வெள்ளிக்கிழம லீவு. வாராவாரம் போடுவோம். சனி ஞாயிறும் போடுவோம்.”

“அதான். நீ ஓயாம பாட விட்டுட்டே இருந்தா அவங்களுக்குப் பழகிப் பாக்க நேரம் ஏது?”

“ஒம்பது பேரு ஒரே குவார்ட்டர்ஸ்ல இருந்தோம்,” என்றாள் லில்லிபுஷ்பம். “மலையாளி, மராட்டிக்காரி, பிலிப்பைன்ஸ்காரி எல்லாம். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அந்தப் பாட்டு வந்துட்டா வெங்காயம் உரிக்கவ கத்தியக் கீழ வச்சிருவா, துணி மடிக்கவ மடிக்கமாட்டா. ‘வா’ ஏற ஏற எல்லாவளும் ஒருத்தி கைய ஒருத்தி பிடிச்சுக்குவோம். இந்தத் தடவ போயிருவாரு, இந்தத் தடவ போயிருவாருன்னு. கேசட்டுதான, மாறாதுன்னு தெரியும். இருந்தாலும். ஒடைஞ்சதும் சிரிப்போம் பாருங்க, வயித்தப் பிடிச்சிக்கிட்டு. பொறவு கொஞ்ச நேரம் ஒருத்தியும் ஊர நெனச்சு அழமாட்டா.”

சுயம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். “ஒம்பது பேருமா?” என்று கேட்டார்.

“ஒம்பது பேரும்.”

அவர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார். மீரான் மடியிலிருந்து காந்தத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, பழைய இரும்புச் சாமான்களுக்குப் பின்னால் கையைவிட்டுத் தபலாவைத் தேடினார்.

கொடையன்று நாலு மணிக்கு, மேசையில் கேசட் மாலையோடு இருந்தது. மூன்று பேர் மேடையேறியதைப் பார்த்ததும் கூட்டத்தில் சங்கடம் பரவியது. பட்டுராஜன் மேடையோரம் ஓடிவந்து, “அண்ணாச்சி, எதுக்கு விஷப்பரீட்ச, அவரே பாடிருவாரு” என்று கெஞ்சினார். சுயம்புலிங்கம் மைக்கைப் பிடித்தார்.

முதல் நாலு பாட்டையும் ஊர் மரியாதைக்குக் கேட்டது. மீரான் பழைய இடத்தில் பழைய தப்பையே அடித்தார், கூடுதலாக இரண்டு புதுத் தப்பும் அடித்தார். லில்லிபுஷ்பம் ஒரு சரணத்தை மறந்து, நர்சுக்கே உரிய தைரியத்தோடு முந்தைய சரணத்தைத் திரும்பப் பாடினாள். பிறகு ஐந்தாவது பாட்டு. ‘வா’ என்று தொடங்கினார். நாற்பது வீட்டில் நாற்பது விதமாக, ஒரு தடவைகூடத் தவறாமல் உச்சிக்குப் போனதைக் கேட்டிருந்த ஊர், இந்தக் கிழட்டுக் குரல் துருப்பிடித்த சத்தத்தோடு அடிமரத்தைக் கட்டிப் பிடித்து ஏறுவதைப் பார்த்தது. சர்பத் கடைக்காரர் டம்ளரைக் கழுவாமல் நின்றார். தபால்காரரும் மனைவியும் சண்டையை நிறுத்தினார்கள். பாதி மரத்தில் குரல் ஆடியது, சமாளித்தது, இன்னும் ஏறியது, சுயம்புலிங்கத்தின் கழுத்து நரம்பு புடைத்தது, குதிகால்கள் தரையை விட்டு எழுந்தன. பட்டுராஜன் தன்னையறியாமல் ஆபிரகாமின் கையைப் பிடித்துக்கொண்டார். உச்சிக்கு ஒரு சாண் இருக்கும்போது உடைந்தது. சேவல் அல்ல, ஒரு கோழிப்பண்ணையே கூவியதுபோல இருந்தது.

பந்தல் சிரிப்பில் குலுங்கியது. லில்லிபுஷ்பம் மேடையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சுயம்புலிங்கம் அது அடங்கும்வரை காத்திருந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “இன்னொரு மட்டம் பாக்கேன்,” என்று மைக்கில் சொல்லிவிட்டு மறுபடி கீழேயிருந்து பிடித்தார். சிரிப்பு அந்த நிமிடமே நின்றது. இரண்டாவது தடவையும் உடைந்தது, வேறு மாதிரி. மூன்றாவது தடவை, உச்சியில் ஒரு கணம், கண் சிமிட்டும் நேரம், குரல் நின்றது. நின்றதா நிற்கவில்லையா என்று ஊர் இன்றைக்கும் இரண்டாகப் பிரிந்து வாதிக்கிறது. அதன் பிறகு தடதடவென்று மட்டையோடு கீழே வந்து விழுந்தது. எட்டாவது பாட்டு முடிந்து மேடை காலியாகும்வரை கேசட்டைப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்துபோகையில் வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. வடிவு பக்கத்தில் வந்தாள். தெருமுனை வரை பொறுத்துப் பார்த்துவிட்டு சுயம்புலிங்கம் கேட்டார்.

“வடிவு, நெசத்தச் சொல்லு. அவன் நல்லாப் பாடுதானா, நானா?”

“அவருதான்,” என்றாள் வடிவு, யோசிக்காமல். “இதுல என்ன சந்தேகம்?”

சுயம்புலிங்கம் தலையாட்டிக்கொண்டார். நாலு எட்டு வைத்தார்கள்.

“ஆனா அவரு பாடும்போது நான் எந்திரிச்சுப் போயி பாத்திரத்தக் கழுவிட்டு, துணிய மடிச்சுட்டு வந்து உக்காருவேன், அவரு அங்கனயே பாடிட்டு இருப்பாரு,” என்றாள். “இன்னைக்கு என்னால எந்திரிக்க முடியலங்க. மூணு தடவையும் முடியல. இங்க பாருங்க, வளையல இறுக்கிப் பிடிச்ச தடம்.”

நீட்டிக் காட்டினாள். உண்மையாகவே சிவந்திருந்தது. சுயம்புலிங்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், தெருவில் ஆள் வருகிறதா என்று பார்க்காமலே.